கடைசியாகக் கண்டவர்: சமூக வலைப்பின்னலின் இயல்பு குறித்து



சமூகக் கோட்பாட்டில் வலைப்பின்னல் என்று சொல்லப்படுவதன் இயல்பு என்ன என்பது இன்றைய தலைப்பு. இதைக் கொழும்பிலோ சென்னையிலோ ஒரு மண்டபத்தில் பேசிவிட்டுப் போவது எளிது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் கிடக்கும் இந்த மணற்பட்டியில் நின்று பேசும்போது, கோட்பாடு சொல்வது இங்கு வாழ்ந்தவர்களின் அனுபவத்துக்கு ஈடுகொடுக்கிறதா என்று வரிக்கு வரி பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்ததில் அந்தக் கோட்பாட்டில் ஒரு பெரிய குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கதை ஒரு மீனவர் ஊரில் தொடங்குகிறது. 1954 இல் ஜோன் பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர் நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பிரெம்னெஸ் என்ற தீவுப் பங்கைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கே மக்கள் மூன்று விதமாகக் கூடி வாழ்வதை அவர் கண்டார். ஊர், வட்டாரம், பங்கு என்ற நிர்வாக அமைப்பு ஒன்று. படகு, மீன் ஆலை என்ற தொழில் அமைப்பு இன்னொன்று. இவை இரண்டிலும் ஒருவர் ஒன்றில் உள்ளே இருப்பார், அல்லது வெளியே இருப்பார். மூன்றாவதற்கு அப்படி எல்லை கிடையாது, தலைவரும் கிடையாது. சொந்தக்காரர், சிநேகிதர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஹெரிங் மீன் பருவம் வந்தால் படகுக்கு ஆள் கிடைப்பது இந்த மூன்றாவது வழியில்தான். இதைத்தான் பார்ன்ஸ் சமூக வலைப்பின்னல் என்றார். அவருக்கு முன்பே, 1940 இல், ராட்கிளிஃப்-பிரவுன் உறவுகளின் பின்னல் என்று பேசியிருக்கிறார். ஆனால் அது உவமையாக நின்றது. அதை ஆராய்ச்சிக் கருவியாக்கியவர் பார்ன்ஸ்.

நோர்வே என்றதும் நம்மவர்க்கு அதன் அனுசரணையில் 2002 பெப்ரவரி 22 இல் ஒப்பமான போர்நிறுத்த உடன்படிக்கைதான் நினைவுக்கு வரும். எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளில் இங்கிருந்து போன நம் இளைஞர்கள் பலர் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலைக்கு நின்றார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்து, மற்றவருக்கு எழுதி, அவர் தன் மச்சானைக் கூப்பிட்டு, இப்படித்தான் அந்தக் குளிர்நாட்டில் தமிழ்க் குடியிருப்பு உருவானது. ஒயிவிந்த் புக்லெரூட் என்ற நோர்வே மானிடவியலாளர் அவர்களைப் பற்றி 1999 இல் ஒரு நூலே எழுதினார். பார்ன்ஸ் நோர்வே மீனவரிடம் கண்டதை, நம் பிள்ளைகள் நோர்வே மீன் ஆலையில் செய்துகாட்டினார்கள்.

பார்ன்ஸின் ஒரு கருத்து இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும். வலைக்குக் கண் இருப்பதுபோல உறவுக்கும் கண் உண்டு. எனக்குத் தெரிந்த இருவர் தங்களுக்குள்ளும் தெரிந்தவர்களாக இருந்தால் கண் சிறிது. என்னிடம் புறப்பட்டு ஒருவர் ஒருவராகப் போய்த் திரும்பி என்னிடமே வருவதற்கு நிறையப் பேரைச் சுற்றவேண்டுமானால் கண் பெரிது. பழைய கிராமத்தில் கண் சிறிது, நகரத்தில் பெரிது என்பது அவர் கணிப்பு. வன்னியில் ஒரு புதுமுகத்தைக் கண்டால் கேட்கப்படும் முதல் கேள்வி எது? “தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?” மூன்றாவது கேள்விக்குள் யாரோ ஒரு பெரியம்மாவின் பெயர் வந்துவிடும். அதன்பிறகு தேத்தண்ணி வந்துவிடும்.

இந்தப் பின்னல் தானாக நிற்பதில்லை. வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் அந்தப் பொங்கலுக்கு முன்னரே பாக்குத்தெண்டல் என்ற சடங்கு நடக்கிறது. பிறகு சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கிறார்கள். அந்த நீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோய், அந்த உப்புநீரிலே விளக்கேற்றுகிறார்கள். அங்கிருந்து பொங்கலன்று வற்றாப்பளைக்கு வருகிறார்கள். கடற்கரை ஊர், வயற்கரை ஊர், வாவிக்கரை ஊர் ஆகிய மூன்றும் ஒரு குடம் தண்ணீரால் கட்டப்படுகின்றன. யார் பாக்குத் தெண்டுவது, யார் நீர் எடுப்பது, யார் வழியில் பந்தல் போடுவது என்பதெல்லாம் ஆளாளுக்கு உரிய கடமை. ஆண்டுதோறும் நடந்தால் அந்தத் தொடர்பு இருக்கிறது. நடக்கிறவர்கள் இல்லாமற்போனால் வரைபடத்தில் மூன்று ஊர்கள் மட்டும் மிஞ்சும். ஆகவே உறவுக்கோடு என்பதை நான் ஒரு வேலை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் அதைச் செய்துகொண்டே இருக்கவேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் புள்ளிக்குப் புள்ளி கோடு கீறும்போது அந்த வேலையும் வேலை செய்தவரும் மறைந்துவிடுகிறார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதும் அதோடு சேர்ந்து மறைகிறது.

இனி போர்க்கால இடப்பெயர்வுக்கு வருகிறேன். 1995 ஒக்டோபரில் வலிகாமம் எழும்பியபோது மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வந்தார்கள். அப்போது போய் இறங்க ஒரு வளவு இருந்தது. சகோதரியின் வளவு, கூடப் படித்தவரின் வளவு, முன்பு இங்கு வேலை பார்த்தபோது பழகியவரின் வளவு. ஒரு கிணற்றில் பத்துக் குடும்பம் தண்ணீர் அள்ளியது. 2008 இன் கடைசியில் மறுபடி எழும்பியபோதும் தொடக்கத்தில் அப்படித்தான். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு தெரிந்த முகத்தைத் தேடிப் போனார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்களும் வீட்டுக்காரரும் சேர்ந்து அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்கு எழும்பினார்கள். மாத்தளனுக்குப் பிறகு அந்தக் கணக்கு முடிந்துபோனது. பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று நீண்ட இந்தக் கரையில் அத்தனை பேருக்கும் உறவினர் வளவு எங்கே? தறப்பாளுக்குப் பக்கத்தில் தறப்பாள். பக்கத்துத் தறப்பாளில் இருப்பவர் எந்த ஊர் என்றே தெரியாது. ஆனால் செல் வரும்போது அவருடைய பங்கருக்குள்தான் உங்கள் பிள்ளை குதித்தது.

1973 இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வலுக்குறைந்த உறவுகளின் வலு பற்றி எழுதினார். நெருங்கிய உறவினருக்கு உங்களுக்குத் தெரிந்ததே தெரியும். புதிய செய்தி தூரத்து அறிமுகம் வழியாகத்தான் வரும். வேலை தேடுபவர்களை வைத்து அவர் இதைக் காட்டினார். இன்று உலகெங்கும் வணிகப் பாடநூல்களில் இந்தக் கருத்து இருக்கிறது. இதற்கு மிகக் கொடிய சான்று இந்த மண்ணில் கிடைக்கிறது. காணாமற்போன ஒருவரைப் பற்றிய கடைசிச் செய்தி பெரும்பாலும் நெருங்கிய உறவினரிடமிருந்து வரவில்லை. கஞ்சிக்கு வரிசையில் முன்னால் நின்ற பெண், வட்டுவாகல் பாலத்தில் ஒரு பையைப் பிடித்துத் தந்த பெரியவர், ஓமந்தையில் பேருந்து ஏறும்போது திரும்பிப் பார்த்தவர், செட்டிகுளம் மெனிக் பாமில் அடுத்த கூடாரத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம், இப்படி ஒரு நாள் அறிமுகம் உள்ளவர்களிடமிருந்துதான் “உங்கடை மகனைக் கண்டனான்” என்ற சொல் வந்தது.

அந்தக் கஞ்சியையும் சற்றுக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் கிடையாது. கிடாரத்தைச் சுற்றிக் கையில் கிடைத்த பாத்திரத்தோடு நின்றார்கள். உறவு, ஊர், சாதி என்ற ஒழுங்கில் வரிசை அமையவில்லை. ஆள் வந்த நேரம்தான் இடத்தைத் தீர்மானித்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் தங்கள் வாழ்நாளில் பார்த்தேயிராத ஆட்களுடன் அங்கே பேசினார்கள். வரிசையில் நிற்பதே உயிராபத்தாகவும் இருந்தது. 2009 ஏப்ரல் 8 இல் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு நின்ற தாய்மார், பிள்ளைகளின் வரிசையில் எறிகணை விழுந்ததை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறோமே, அது அந்த உணவை மட்டும் நினைவூட்டவில்லை. அந்த வரிசையை மறுபடி நிறுத்துகிறது. முன்பின் தெரியாத இருவர் அங்கே மீண்டும் பேசுகிறார்கள். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி காய்ச்சியவர்களைக் கைதுசெய்தார்கள். அரிசிக்கும் உப்புக்கும் யாரும் இப்படிப் பயப்படுவதில்லை. வரிசைக்குத்தான் பயம்.

அரசின் கணக்குக்கும் மக்களின் பின்னலுக்கும் உள்ள உறவை ஓர் எண்ணில் காட்டலாம். 2009 இன் தொடக்கத்தில் இந்தப் பகுதிக்குள் 70,000 பேரளவில் இருப்பதாக அரசு சொல்லிக்கொண்டிருந்தது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கில் வந்தன. கடைசியில் வெளியே வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? முதல் எண் கச்சேரிக் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடியில் இருப்பவர்கள் கிராம சேவகர்கள். எழும்பி எழும்பி ஓடிய ஊர்களின் குடும்ப அட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, யார் எந்த வளவில் இருக்கிறார்கள் என்று சைக்கிளில் திரிந்து எழுதியவர்கள். ஆயரின் கேள்விக்கு இன்றுவரை மறுமொழி கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது அவர்களுடைய கொப்பிகளால்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜோர்ஜ் சிமெல் 1908 இல் வெளியிட்ட பெருநூலில், இருவர் உறவும் மூவர் உறவும் வேறு வேறு வகை என்று சொன்னார். இருவரில் ஒருவர் போனால் உறவே இல்லை. மூன்றாமவர் வந்ததும் நடுநிலை, சாட்சி, பிணை எல்லாம் பிறக்கின்றன. இந்தக் கருத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்கள்தான் வருகிறார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். போரின் முடிவில், 2009 மே 18 இல், படையினரிடம் சரணடைந்தவர்களோடு அவரும் நின்றார். சரணடைவோரின் பெயர்களை எழுதினார், அவர்களோடு பேருந்தில் ஏறினார் என்பது அங்கே நின்ற மனைவிமாரின் சாட்சியம். ஆயுதமுள்ள அரசுக்கும் கை உயர்த்தி நின்ற மனிதருக்கும் நடுவில் நிற்கும் மூன்றாமவர் அவர். அவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அவரே சாட்சியாக இருந்திருப்பார். அவரும் சேர்ந்து காணாமலாக்கப்பட்டார். ஒரு சமூகத்தின் பின்னலை அறுக்க நினைப்பவர்கள் எல்லா இழைகளையும் அறுக்கவேண்டியதில்லை. மூன்றாமவரை அகற்றினால் போதும்.

நான் முதலில் சொன்ன குறை இங்கேதான் வருகிறது. வலைப்பின்னல் ஆய்வில் இருவருக்கு நடுவில் கோடு கீறவேண்டுமானால் இருவரும் இருக்கவேண்டும். ஒருவர் இறந்தால் புள்ளியை அழிக்கிறார்கள், கோடும் போகிறது. காணாமலாக்கப்பட்டவரை அந்தப் படத்தில் எங்கே வைப்பது? அவர் இருக்கிறார் என்று காட்ட வழியில்லை. இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த உறவு அறுந்துவிட்டதா? கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதே மாதம் வவுனியாவில், அடுத்த மாதம் முல்லைத்தீவில் பந்தல் எழுந்தது. முன்பு ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள். ஒருவர் வளவு நெடுங்கேணியில், ஒருவர் முழங்காவிலில். அவர்களைச் சேர்த்துவைத்தவர்கள் அங்கே இல்லாத பிள்ளைகள். வராத ஒருவரைச் சுற்றி வந்தவர்கள் கூடி, படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, “இவனை நான் மெனிக் பாமிலை கண்டமாதிரி” என்று சொல்லி, ஒரு புதிய பின்னலை முடைந்தார்கள். அந்தப் பின்னலின் மையப் புள்ளி வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையே இத்தனை ஆண்டுகளாக அவர்களைக் கூட்டிவைத்திருக்கிறது. இதற்கு இடம்கொடாத கோட்பாடு முழுமையான கோட்பாடு ஆகாது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதியபோது, காயம் தனி ஆளின் மனதில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்றார். காயம் உறவுகளில் இருப்பதுபோல, ஆறுவதற்கான முயற்சியும் உறவுகளில்தான் நடக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். போருக்குப் பின் வந்த திட்டங்களுக்குச் சமூக மூலதனம் என்ற சொல்லில் பெரிய பிரியம். மக்களிடம் உறவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தி அவர்களே எழும்பட்டும் என்றார்கள். அந்தப் பிரியத்தின் விலையை நுண்கடனில் பார்த்தோம். காணி உறுதி இல்லாத, நகை இல்லாத பெண்ணிடம் பிணையாகப் பிடிக்க என்ன இருக்கிறது? அயல் இருக்கிறது. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். கிழமைக்கு ஒருநாள் கூட்டம். கட்டக் காசு இல்லாதவள் வீட்டு வாசலில் அவளுடைய சிநேகிதிகளையே கொண்டுவந்து இருத்தினார்கள். பதுங்குகுழியில் உடம்போடு உடம்பாக இருந்த பெண்கள், 1,500 ரூபா தவணைக்காக வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்கள். நிலைமை அவ்வளவு முற்றியிருந்ததால், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. உறவை அடகு வைத்தால் முதலில் மூழ்குவது உறவுதான்.

இன்னொன்று, பின்னலுக்கு வெளிப்பக்கம் உண்டு. டானியல் ஆல்ட்ரிச் என்ற அறிஞர் 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களை ஆராய்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்த மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைவாக வந்தது. அதே பஞ்சாயத்து தலித்துகளையும் தனித்து வாழும் பெண்களையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. நம் பக்கத்தில் இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. காட்டை வெட்டிக் கழனியாக்கினார்கள், போரின் எல்லாத் துன்பத்தையும் சேர்ந்து பட்டார்கள். மீள்குடியேற்றத்தின்போது கனடாவிலோ சுவிஸிலோ இருந்து காசு அனுப்ப அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆளில்லை. பக்கத்து வளவில் கல்வீடு எழும்ப, இவர்கள் தகரத்துக்குள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இந்த மாவட்டத்து அயலவர்கள்தான். தண்ணீரூற்றிலும் முல்லைத்தீவிலும் அவர்களுடைய வீடுகளுக்கும் நம் வீடுகளுக்கும் இடையே இருந்த போக்குவரத்து அன்று அறுக்கப்பட்டது. அதை அறுத்தவர்கள் வெளியார் அல்லர். நம் பின்னலின் பெருமையைப் பேசும் மேடையில் இதையும் சொல்லியாகவேண்டும்.

பின்னலுக்கு எல்லையற்ற ஆற்றல் இருப்பதாக நம்பவும் வேண்டாம். மனுவேல் கஸ்ரெல்ஸ் 1996 இல், இனி அதிகாரம் வலைப்பின்னல்களில் ஓடும் என்று எழுதினார். 2009 ஏப்ரல் 6 முதல் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நம்மவர் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றார்கள். மே 10 இல் ரொறன்ரோவில் கார்டினர் அதிவேகச் சாலையில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இந்தக் கரையில் விழுந்த எறிகணைகளின் செய்தி விரைவாக அங்கே போய்ச் சேர்ந்தது. உலகின் மிக நெருக்கமான, மிக விரைவான பின்னல்களில் ஒன்று அது. அதனால் ஒரு பெருநகரின் சாலையை அடைக்க முடிந்தது. முள்ளிவாய்க்காலுக்கு ஒரு மூடை அரிசிக்கு வழி திறக்க முடியவில்லை. செய்தி ஓடும் வழியும் அதிகாரம் ஓடும் வழியும் ஒன்றல்ல என்று மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த அவையில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் பீடங்களிலும் படிக்கும் பிள்ளைகள் இருப்பீர்கள். காணாமற்போனவரைக் கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எந்த நாளில், கூட யார் நின்றார் என்ற நான்கு கேள்விகளோடு ஒவ்வொரு ஊராகப் போய் எழுதத் தொடங்குங்கள். இன்று அந்தச் செய்தி ஒருவர் நினைவில் அரைப்பங்கும் இன்னொருவர் நினைவில் அரைப்பங்குமாக இருக்கிறது. அந்த இருவரும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஒருவர் தேவிபுரத்தில், மற்றவர் சூரிச்சில். பந்தலில் இருந்த தாய்மாரில் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டார்கள். எழுதுகிறவர்கள் சில ஒழுங்குகளைக் காக்கவேண்டும். கண்டவரின் பெயர் அவர் சம்மதம் இல்லாமல் ஓர் அங்குலமும் வெளியே போகக்கூடாது. எந்த அலுவலகத்துக்கும், எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும், எந்தக் கட்சிக்கும் மூலப் பிரதியைக் கொடுக்கக்கூடாது. அது தாய்மாரின் கையில் இருக்கட்டும். யாருக்குக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அவர்கள் கூடி முடிவெடுக்கட்டும். தமிழ் தவிர வேறு மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தையும், முஸ்லிம், மலையகக் குடும்பங்களின் சாட்சியத்தையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வைகாசிப் பொங்கலுக்கும் மே 18 க்கும் ஊருக்கு வருகிறவர்கள் பலர். அந்த நாட்களில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டால் தொடங்கிவிடலாம்.